எச்-இன்டெக்ஸ் 48 பெரிதா, 17 பெரிதா?

கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். உங்கள் தங்கை எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு வழிகாட்டி தேடுகிறார். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் கண்ணில் பட்டிருக்கிறார்கள். ஒருவர் நானோ பொருட்களில் ஆய்வு செய்பவர், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அவருடைய எச்-இன்டெக்ஸ் (கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்துப் போடும் எண்) 48. ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி’ என்று வாசலில் ஃப்ளெக்ஸ்கூட வைத்திருக்கிறார்கள். இன்னொருவர் கோட்பாட்டு இயற்பியல்காரர். பாய்ம இயக்கவியல் (திரவங்கள், வாயுக்களின் ஓட்டம்), வானியற்பியல், கொஞ்சம் நிகழ்தகவு என்று மூன்று நான்கு துறைகளில் கலந்து எழுதுகிறவர். எச்-இன்டெக்ஸ் 17. “48 பெரிதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறைய இருக்கிறது. நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளங்களோடு வேலை பார்க்கிறவன். பணி உயர்வு, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகை, தரவரிசை விண்ணப்பம் என்று எதற்கெடுத்தாலும் இந்த எண்களைக் கேட்டு வருவார்கள், எடுத்துக் கொடுப்பேன். அதனால் எண்ணே வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு துறைக்காரரின் எண்ணை இன்னொரு துறைக்காரரின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பெரிது சிறிது பார்ப்பது மட்டும் கூடாது. அந்த வேலைக்கு அது செய்யப்படவில்லை.

எச்-இன்டெக்ஸை 2005-இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ். சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர். கணக்கு எளிது. ஒருவருடைய கட்டுரைகளை, அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது முதலில் வரும்படி வரிசையாக அடுக்குங்கள். பத்தாவது கட்டுரைக்குக் குறைந்தது 10 சைட்டேஷன் (மேற்கோள்) இருக்கிறது, பதினோராவதற்கு 11 இல்லை என்றால் அவருடைய எச்-இன்டெக்ஸ் 10. யாரும் சீண்டாத இருநூறு கட்டுரைகளை எழுதிக் குவித்தாலும் எண் ஏறாது. அதேபோல் ஒரே ஒரு கட்டுரை பத்தாயிரம் சைட்டேஷன் வாங்கியிருந்தாலும் அது ஒன்றாகத்தான் எண்ணப்படும். இந்த இரண்டாவது குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உங்கள் கேள்விக்குப் பாதி விடை ஹிர்ஷின் அந்த முதல் கட்டுரையிலேயே இருக்கிறது. இயற்பியலாளர்களில் அவர் உச்சியில் காட்டிய ஆள் எட்வர்ட் விட்டன், 110. ஸ்டீபன் ஹாக்கிங் 62. அதே கட்டுரையில் உயிரியல் பக்கம் உச்சியில் இருப்பவர் நரம்பறிவியலாளர் சாலமன் ஸ்னைடர், 191. ஹாக்கிங்கைப்போல மூன்று மடங்கு பெரிய அறிஞர் ஸ்னைடர் என்று ஹிர்ஷ் சொல்லவில்லை. உயிரியலில் எண்கள் இயல்பாகவே உயரமாக இருக்கும் என்பதைத்தான் சொன்னார். அமெரிக்கப் பெரிய பல்கலைக்கழகங்களில் இயற்பியலில் நிரந்தரப் பணிக்கு 12 அளவிலும், முழுப் பேராசிரியர் பதவிக்கு 18 அளவிலும் இருக்கலாம் என்று ஒரு உத்தேசமும் கொடுத்தார். அந்த உத்தேசத்தின்படி பார்த்தால் உங்கள் 17 அப்படியொன்றும் மோசமில்லை. அது 2005-இன் கணக்கு, அதுவும் வெப் ஆஃப் சயின்ஸ் கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, அச்சுக்கு முந்தைய வரைவு என்று இணையத்தில் கிடைப்பதையெல்லாம் எண்ணுவதால் அங்கே எண் எப்போதும் கூடுதலாகவே வரும். ஒரே ஆளுக்கு மூன்று தளத்தில் மூன்று எச்-இன்டெக்ஸ் இருக்கும். யாராவது எண்ணைச் சொன்னால் எந்தத் தளத்தில் எடுத்தது என்று கேட்காமல் விடாதீர்கள்.

துறைக்குத் துறை ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு சைட்டேஷன் பிறக்க வேண்டுமென்றால் இன்னொருவர் கட்டுரை எழுதி, அதன் கடைசியில் உங்கள் பெயரைப் போட வேண்டும். கணிதக் கட்டுரையின் கடைசியில் மேற்கோள் பட்டியல் சிறியது. மூலக்கூறு உயிரியலிலோ பொருள் அறிவியலிலோ பட்டியல் இரண்டு மூன்று மடங்கு நீளும். எழுதுகிற கூட்டமும் பெரிது, ஆய்வகங்கள் அதிகம், ஒருவர் ஆண்டுக்கு எழுதும் கட்டுரைகளும் அதிகம். வேகமும் வேறு. நானோ பொருட்களில் இந்த ஆண்டு வந்த முடிவை அடுத்த ஆண்டே நூறு பேர் மேற்கோள் காட்டிவிடுவார்கள். கணிதத்தில் ஒரு கட்டுரை ஆய்விதழில் ஏற்கப்படவே இரண்டு ஆண்டு ஓடிவிடும், அதைப் படித்து யாராவது மேலே கட்டுவதற்கு இன்னும் சில ஆண்டு. இதற்கு மேல் கூட்டு ஆசிரியர் கணக்கு. 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சி.எம்.எஸ். குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் ஆய்வு 9 பக்கம். பெயர்களும் நிறுவனங்களும் 24 பக்கம். அந்தக் கட்டுரைக்கு வரும் ஒவ்வொரு சைட்டேஷனும் 5,154 பேரின் கணக்கிலும் முழுசாக ஏறும். தனியாக உட்கார்ந்து எழுதும் கோட்பாட்டுக்காரரின் கணக்கில் ஏறுவதும் அதே ஒன்றுதான்.

எதை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்று, 1951-இல் ஆலிவர் லௌரியும் சகாக்களும் புரதத்தின் அளவைக் கண்டறிய எழுதிய செய்முறை. 3 லட்சத்துக்கு மேல் சைட்டேஷன். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன வாட்சன்–கிரிக் கட்டுரையோ, 2014-இல் நேச்சர் இதழ் தொகுத்த முதல் நூறு கட்டுரைகளின் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. செய்முறையைப் பயன்படுத்துகிறவர் ஒவ்வொருவரும் மேற்கோள் காட்டியாக வேண்டும். பெரிய கண்டுபிடிப்போ சீக்கிரம் பாடப்புத்தகத்துக்குப் போய்விடும், யாரும் மூலக் கட்டுரையைத் தேட மாட்டார்கள். ஜார்ஜ் ஷெல்ட்ரிக் படிகவியலுக்காக எழுதிய ஷெல்எக்ஸ் மென்பொருளின் வரலாற்றை 2008-இல் ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ இதழில் ஒரு கட்டுரையாக எழுதினார். மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் அந்தக் கட்டுரையைக் காட்டும்படி கேட்டுக்கொண்டார். விளைவு, சுமார் 2 ஆக இருந்த அந்த இதழின் இம்பேக்ட் ஃபேக்டர் (அண்மைக் கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாக வரும் சைட்டேஷன்) 2009-இல் 49.9-க்குத் தாவியது. அதே இதழில் அந்தச் சமயம் எழுதிய மற்றவர்களின் கட்டுரை ஒன்றுகூட அதனால் மேம்படவில்லை. ஆனால் பணி நியமன விண்ணப்பத்தில் ‘இம்பேக்ட் ஃபேக்டர் 49.9 உள்ள இதழில் வெளியீடு’ என்று போட்டுக்கொள்ளலாம், பொய்யும் இல்லை!

எண்கள் சிறியதாக இருக்கும் துறையில் ஏமாற்றுவதும் எளிது. வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் ‘அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவர்கள்’ பட்டியலிலிருந்து 2023-இல் கணிதம் என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள். கணிதத்தில் சைட்டேஷன் விகிதம் தாழ்வு என்பதால் சில பேர் கூடி ஒருவரையொருவர் மேற்கோள் காட்டினாலே உச்சிக்கு வந்துவிட முடிகிறது என்பது காரணம்.

இதுவரை சொன்னது ஒரே துறையில் நிற்கிறவர்களுக்கு. உங்கள் 17-காரர் பல துறைகளில் எழுதுகிறவர் என்கிறீர்கள். அங்கே விஷயம் இன்னும் சிக்கலாகிறது, சுவாரசியமும் ஆகிறது. இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1910-இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறியவர். 1937-இலிருந்து கடைசிவரை சிகாகோ பல்கலைக்கழகம். அவர் வேலை செய்த விதம் விசித்திரமானது. ஒரு துறைக்குள் நுழைவார், சில ஆண்டுகள் தொடர்ந்து கட்டுரைகள் எழுதுவார், எல்லாவற்றையும் திரட்டி ஒரு பெரிய புத்தகமாக்குவார், அப்புறம் அந்தத் துறையை விட்டே போய்விடுவார். விண்மீன்களின் உள்ளமைப்பு, 1939 புத்தகம். விண்மீன் கூட்டங்களின் இயக்கவியல், 1942. கதிர்வீச்சுப் பரிமாற்றம், 1950. பாய்மங்களும் காந்தப்புலமும் எப்போது நிலை குலைகின்றன என்பது, 1961. சுழலும் நீள்வட்ட உருவப் பாய்மங்களின் சமநிலை, 1969. கருந்துளைகளின் கணிதம், 1983. கடைசியாக நியூட்டனின் பிரின்ஸிபியாவை இன்றைய வாசகருக்கு விளக்கும் புத்தகம், 1995. அந்த ஆண்டுதான் இறந்தார்.

இவருடைய வெளியீட்டுப் பட்டியலை இன்றைய தேர்வுக் குழு முன் வைப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ‘கடைசி ஐந்து ஆண்டு’ என்று கட்டம் போட்டுப் பார்ப்பார்கள். 1950-களின் நடுவில் பார்த்தால், வானியலில் பெயர் வாங்கிய ஆள் திடீரென்று பாய்ம இயக்கவியலில் எழுதுகிறார். வானியல்காரர்கள் அதைப் படிக்கவில்லை, பாய்மக்காரர்களுக்கு இவரை இன்னும் சரியாகத் தெரியாது. துறை மாறும் ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கும்: பழைய வாசகர்கள் கூட வர மாட்டார்கள், புதியவர்கள் உருவாகச் சில ஆண்டு ஆகும். அந்தப் பள்ளம் வரைபடத்தில் சரிவாகத் தெரியும்.

பள்ளம் தாண்டிய பிறகு என்ன நடந்தது என்பதுதான் கதை. 1943-இல் ரெவ்யூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ் இதழில் அவர் 89 பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். பிரௌனியன் இயக்கம், தற்செயல் நடை போன்ற நிகழ்தகவுக் கணக்குகளை இயற்பியலுக்கும் வானியலுக்கும் பயன்படுத்துவது பற்றி. விண்மீன் கூட்டங்களில் ஒரு விண்மீனை மற்றவை எப்படி அலைக்கழிக்கின்றன என்பது அவருடைய அக்கறை. ஆனால் அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டவர்கள் கூழ்மங்களைப் படிக்கும் வேதியியலாளர்கள், புகையும் தூசியும் எப்படித் திரளும் என்று பார்க்கும் காற்று மாசு ஆய்வாளர்கள், செல்லுக்குள் மூலக்கூறுகள் எப்படி அலைகின்றன என்று பார்க்கும் உயிர் இயற்பியலாளர்கள். இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பெரும்பாலோர் அவருடைய விண்மீன் வேலையின் பக்கமே போயிருக்க மாட்டார்கள். எச்-இன்டெக்ஸில் இது எத்தனை? ஒன்று. முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

1953-இல் என்ரிகோ ஃபெர்மியோடு சேர்ந்து விண்வெளிக் காந்தப்புலங்கள் பற்றி எழுதினார். விண்மீன் ஒளியின் தளவிளைவு (ஒளி அலைகள் ஒரே திசையில் அதிர்வது) எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதிலிருந்து அங்குள்ள காந்தப்புலத்தின் வலிமையைக் கணிக்கலாம் என்ற வழி அதில் இருக்கிறது. அப்போது அளந்து பார்க்கப் போதுமான கருவிகள் இல்லை. நுண்ணலையிலும் அகச்சிவப்பிலும் தளவிளைவை அளக்கும் தொலைநோக்கிகள் வந்த பிறகு, இப்போது அது வாயு மேகங்களை ஆய்வோர் அன்றாடம் எடுக்கும் முறையாகிவிட்டது. அதைவிட நீளமான தூக்கம் இன்னொன்று. காந்தப்புலத்துக்குள் சுழலும் பாய்மம் எந்த நிலையில் குலையும் என்று 1959-இல் சோவியத்தின் வெலிகோவும், 1960-இல் சந்திரசேகரும் எழுதினார்கள். 1961 புத்தகத்திலும் அது இருந்தது. கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டில் பொருள் எப்படி உள்ளே விழுகிறது என்பதற்கு அதுதான் சாவி என்று 1991-இல்தான் பால்பஸும் ஹாலியும் காட்டினார்கள். அவர்கள் இருவருக்கும் 2013-இல் ஷா பரிசு கிடைத்தது. முப்பது ஆண்டாக வானியற்பியல்காரர்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காத பக்கம், 1991-க்குப் பிறகு ஆண்டுதோறும் மேற்கோள் வாங்க ஆரம்பித்தது. எழுதியவர் அதற்குள் மூன்று துறை தாண்டிப் போயிருந்தார்.

அவர் பெயரிலேயே வழங்கும் சந்திரசேகர் எல்லைக்கு வேறு விதி. வெண்குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன், ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் நிலைக்க முடியாது என்பதைச் சொன்ன 1931-ஆம் ஆண்டுக் கட்டுரை இரண்டே பக்கம். அதில் அவர் போட்ட எண் சூரியனின் நிறையில் 0.91 பங்கு, இன்று நாம் 1.4 என்கிறோம், அவர் அன்று எடுத்துக்கொண்ட வேதியியல் கலவை வேறு. 1935 ஜனவரியில் லண்டனில் அன்றைய பெரிய வானியற்பியலாளர் எடிங்டன் அதைக் கேலி செய்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. இப்போது வானியற்பியலில் அந்த எல்லையைக் குறிப்பிடாத பாடப்புத்தகம் இல்லை, ஆனால் 1931 கட்டுரையை மேற்கோள் பட்டியலில் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பெயர் சொன்னாலே போதும் என்ற நிலைக்கு ஒரு கண்டுபிடிப்பு வந்துவிட்டால் சைட்டேஷன் நின்றுவிடும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இந்த நிகழ்வை விரிவாக விளக்கியிருக்கிறார். ஒருவர் மிகப் பெரிதாக வென்ற இடத்தில் கணக்கு குறைவாகக் காட்டும் என்பது இதன் முரண்.

சந்திரசேகரின் கணக்கை யாராவது இன்று கணினியில் தேடினால் இன்னொரு சிக்கலும் வரும். ‘எஸ். சந்திரசேகர்’ என்று ஆய்வுலகில் இரண்டு பெரிய ஆட்கள். ஒருவர் இவர், சி.வி.ராமனின் அண்ணன் மகன். இன்னொருவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், ராமனின் சகோதரி மகன். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிகங்களில் வேலை செய்தவர். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977-இல் பிரமாணா இதழில் அவர் குழு எழுதிய கட்டுரை ஒரு புதிய கிளையையே தொடங்கிவைத்தது. இருவரும் இயற்பியல், இருவரும் எஸ்., ஒரே குடும்பம் வேறு. பெயரை மட்டும் நம்பும் தளம் இவர்களைப் பிசைந்து ஒருவராக்கிவிட்டால் அதைக் குறை சொல்ல முடியாது. குடும்பப் பெயர் இல்லாமல் தந்தை பெயரின் முதலெழுத்தோடு எழுதும் நம் ஆட்களுக்கு இது தினசரித் தொல்லை. ஆர். குமார், எஸ். ராஜா என்று தேடிப் பாருங்கள், தெரியும். கூகுள் ஸ்காலர் பக்கத்தில் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும் கட்டுரைகளைச் சிலர் நீக்குவதே இல்லை. இந்தத் தொல்லைக்காகத்தான் 2012-இல் ஆர்கிட் என்ற அடையாள எண் வந்தது.

பெங்களூரைச் சொன்னதும் இயற்பியலாளர் பஞ்சரத்னத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. தளவிளைவுற்ற ஒளிக் கற்றைகளின் குறுக்கீடு பற்றி 1956-இல், இருபத்திரண்டு வயதில், இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் எழுதினார். 1969-இல் இறந்துவிட்டார். 1984-இல் பிரிட்டனின் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயக்கவியலில் வடிவியல் கட்டம் (ஓர் அமைப்பு சுற்றிவந்து பழைய நிலையை அடையும்போது அதன் அலையில் மிஞ்சும் தள்ளல்) என்ற கருத்தைச் சொன்னபோது, ஒளியியலில் இது ஏற்கெனவே வந்துவிட்டது என்று இயற்பியலாளர்கள் ராமசேஷனும் நித்யானந்தாவும் 1986-இல் எடுத்துக்காட்டினார்கள். பெர்ரியே அதை மனதார ஏற்று எழுதினார். இன்று பஞ்சரத்னம்–பெர்ரி கட்டம் என்ற பெயரில் மெல்லிய லென்ஸ்கள் செய்கிறார்கள். உயிரோடு இருந்த நாளில் அந்தக் கட்டுரையின் சைட்டேஷனைப் பார்த்து யாரும் அவருக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருக்க மாட்டார்கள்.

மானுடவியல், மொழி, வரலாறு பக்கம் போனால் கணக்கு இன்னும் பிசகும், ஏனென்றால் அங்கே வேலை புத்தகமாக வருகிறது. ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து கல்வெட்டுக்கு வந்தவர். சிந்துவெளி எழுத்துகளின் தொகுப்பை 1977-இல் தொல்லியல் துறை வெளியிட்டது. பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய பெரும்புத்தகம் 2003-இல் வந்தது. ஸ்கோப்பஸில் தேடினால் இந்த உழைப்பின் நிழல்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் அந்த 1977 தொகுப்பை வைத்துத்தான் கணினி ஆய்வாளர்கள் சிந்துவெளிக் குறிகளின் வரிசையில் மொழிக்குரிய ஒழுங்கு இருக்கிறதா என்று கணக்கிட்டு 2009-இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். மகாதேவனும் அதில் கூட்டு ஆசிரியர். கல்வெட்டுக்காரரின் பெயர் தரவுத்தளத்தில் கணினிக் கணக்கின் வழியாகப் பளிச்சென்று தெரிகிறது, தன் சொந்தத் துறையின் வழியாக மங்கலாகத் தெரிகிறது.

சரி, அந்த ஃப்ளெக்ஸுக்கு வருவோம். ‘ஸ்டான்போர்டு பட்டியல்’ என்று நம் ஊரில் சொல்வது, ஸ்டான்போர்டில் இருக்கும் ஜான் அயோனிடிஸும் சகாக்களும் ஸ்கோப்பஸ் தரவிலிருந்து தொகுப்பது. பல்கலைக்கழகம் கொடுக்கும் விருது இல்லை, யாரும் யாரையும் நேர்காணல் செய்து தேர்ந்தெடுப்பதும் இல்லை. ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். தனியாகவோ முதல் ஆசிரியராகவோ கடைசி ஆசிரியராகவோ எழுதியதற்குக் கூடுதல் கவனம் உண்டு, சுய மேற்கோளை நீக்கிய பத்தியும் உண்டு. 174 உட்துறைகளாகப் பிரித்து ஒப்பிடுவதால் வெறும் எச்-இன்டெக்ஸைவிட இது பலமடங்கு நியாயமானது என்பது என் எண்ணம். ஆனால் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன: வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே ஓர் ஆண்டின் சைட்டேஷனுக்கு ஒன்று. ஃப்ளெக்ஸில் எது என்று எழுத மாட்டார்கள். பெரும்பாலும் ஓராண்டுப் பட்டியலாகத்தான் இருக்கும். பல துறைகளில் எழுதுகிறவர் இங்கேயும் இடிபடுகிறார். கட்டுரைகள் எந்த உட்துறையில் அதிகமோ அதில் அவரை உட்கார வைத்து, அந்தத் துறைக்காரர்களோடு ஒப்பிடுவார்கள். நான்கு துறையில் கால்வாசி கால்வாசியாக எழுதியவருக்கு எந்த நாற்காலியும் சரியாகப் பொருந்தாது.

துறை வித்தியாசத்தைச் சரிசெய்து காட்டும் அளவு வேண்டுமென்றால் ஸ்கோப்பஸ் தரவில் ஃபீல்டு வெயிட்டட் சைட்டேஷன் இம்பேக்ட் என்று ஒன்று கிடைக்கும். அதே ஆண்டு, அதே துறை, அதே வகைக் கட்டுரைகள் உலக அளவில் சராசரியாக வாங்கும் சைட்டேஷனோடு இவருடையதை வகுத்துப் பார்ப்பது. 1 என்றால் உலகச் சராசரி, 1.5 என்றால் சராசரியைவிடப் பாதி அதிகம். உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தர வாய்ப்புண்டு. இரண்டு பேருக்கும் இதை வாங்கி ஒப்பிடுங்கள். 48-க்கும் 17-க்கும் இடையில் தெரியும் மலையும் மடுவும் பெரும்பாலும் கரைந்துவிடும். சில சமயம் தலைகீழாகவும் ஆகும். குறைவாக எழுதுகிறவருக்கு ஒரே கட்டுரை இந்த எண்ணைத் தூக்கிவிடும் என்பதால் இதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

என்னிடம் நேரில் கேட்டிருந்தால் இரண்டு பேரின் ஸ்காலர் பக்கத்தையும் திறந்து உட்காரச் சொல்லியிருப்பேன். மேலே இருக்கும் மொத்த எண்ணைப் பார்க்க வேண்டாம். ஒவ்வொருவரிடமும் முதல் ஐந்து கட்டுரைகளை எடுத்து, ஆசிரியர் பட்டியலில் அவர் எங்கே இருக்கிறார், எத்தனை பேரில் ஒருவர் என்று பாருங்கள். நானோ பொருட்கள் துறையில் வழிகாட்டியின் பெயர் வழக்கமாகக் கடைசியில் வரும், மாணவர் முதலில். கணிதம் சார்ந்த கோட்பாட்டில் பல சமயம் அகரவரிசைதான். முதல் பெயர் என்பதால் அவர்தான் செய்தார் என்று பொருளில்லை. அப்புறம் ‘மேற்கோள் காட்டியவை’ என்ற இணைப்பை அழுத்தி, யார் காட்டியிருக்கிறார்கள் என்று ஒரு ஐம்பதைப் புரட்டுங்கள். தெரியாத நாட்டிலிருந்து, தெரியாத ஆய்வகத்திலிருந்து வந்து ஒருவர் இந்த முறையை எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். அதே பத்துப் பெயர்கள் மாறி மாறி வந்தால், அல்லது முன்னுரையில் ஒரே வரியில் பதினைந்து கட்டுரைகளைக் கொத்தாகக் காட்டும் இடத்தில் மட்டும் வந்தால், எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஓர் ஆண்டில் அறுபது எழுபது கட்டுரை வெளியிடுகிற ஒருவர் அத்தனையையும் முழுதாகப் படித்திருப்பார் என்று நான் நம்புவதில்லை. அப்படிப்பட்ட ஆய்வகத்தில் உங்கள் தங்கைக்கு வாரம் எத்தனை மணிநேரம் கிடைக்கும் என்பதையும் யோசியுங்கள்.

17-காரரிடம் பார்க்க வேண்டியது வேறு. அவர் துறை மாறிய ஒவ்வொரு இடத்திலும் விட்டுப்போன கட்டுரைகளை அந்தத் துறைக்காரர்கள் இன்னும் எடுத்துப் பயன்படுத்துகிறார்களா, அல்லது நான்கு இடத்தில் தலைகாட்டிவிட்டு நான்கிலும் யாரும் கண்டுகொள்ளாமல் போனாரா? இரண்டு விதமானவர்களுக்கும் எண் 17-ஆகவே இருக்கலாம். முதல் வகை என்றால் கொடுத்துவைத்த மாணவி. இரண்டாம் வகை என்றால் பல துறை என்பது வெறும் அலைச்சல். எல்லோரும் சந்திரசேகர் இல்லை.

ஹிர்ஷே 2020-இல், தான் கொடுத்த அளவு மோசமாகத் தவறுவதும் உண்டு, எதிர்பாராத கேடுகளும் செய்கிறது என்று எழுதிவிட்டார். ஆனாலும் நம் நிறுவனங்கள் அதை விடப் போவதில்லை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் வெளியீடுகளுக்கும் சைட்டேஷனுக்கும் மதிப்பெண் இருக்கும்வரை கல்லூரிகள் எண்ணத்தான் செய்யும். உங்கள் தங்கைக்கு அந்தக் கவலை வேண்டாம், அவர் தரவரிசை போடவில்லை, ஐந்து ஆண்டு உடன் உட்காரும் ஆளைத் தேடுகிறார்.

அதனால் சைட்டேஷனில் தெரியாத இரண்டு விஷயங்களையும் விசாரியுங்கள். கடைசியாக பிஎச்.டி. முடித்த மூன்று நான்கு மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவர்களுடைய ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். ஒன்றிரண்டைத் திறந்து தங்கையே படித்துப் பார்க்கட்டும். எந்த ஆய்வேட்டைப் படிக்கும்போது ‘இதை நானும் செய்ய வேண்டும்’ என்று தோன்றுகிறதோ, அந்த வழிகாட்டிக்கு முதலில் மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். சோதனைக் கூடத்தில் கைவைத்து வேலை செய்யப் பிடிக்கும் என்றால், 48-காரர் மேலே சொன்ன சல்லடையில் தேறினால் தாராளமாகச் சேரலாம், அந்தத் துறையில் 48 நல்ல எண்தான். பேப்பரும் பேனாவும் பிடித்த ஆள் என்றால் 17-ஐப் பார்த்துத் தயங்க வேண்டாம்.